டிரெய்னிங்கும் நடக்குது, விருதும் குடுக்குறாங்க, கிளாஸ்ரூம் மட்டும் ஏன் அப்படியே இருக்கு?

ஆசிரியர் பயிற்சி பத்தி ஏதாவது அறிவிப்பு வந்தா ரெண்டு விதமான பேச்சு கிளம்பிரும். ஒரு பக்கம் "வருஷத்துக்கு இத்தனை மணி நேரம், இத்தனை பேர் முடிச்சாச்சு"ன்னு கணக்கு. இன்னொரு பக்கம் அந்த ஹால்ல உக்காந்துட்டு வந்த டீச்சர்களே "நாள் வீணாப்போச்சு, அங்க சொன்னது எதுவும் என் கிளாஸுக்கு ஒத்து வராது"ங்கறாங்க. விருது விஷயமும் அப்படித்தான். மேடையில நல்ல ஆசிரியர்னு ஒருத்தரைக் கூப்பிடுவாங்க, ஸ்டாஃப் ரூம்ல "அவங்க எப்படிப் பாடம் நடத்துவாங்கன்னு குடுத்தவங்க யாராச்சும் பாத்தாங்களா"ன்னு முணுமுணுப்பு ஓடும். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு இதுல யார் சொல்றது நிஜம்னே புரியாது. ரெண்டும் நிஜம்தான், ஒவ்வொருத்தரும் வேற வேற விஷயத்தை அளந்துட்டுப் பேசறாங்க.

## முதல்ல வார்த்தைகளைப் பிரிச்சு வச்சுக்கலாம்

"டிரெய்னிங்"ங்கற ஒரே வார்த்தைக்குள்ள மூணு சமாச்சாரம் இருக்கு.

1. பணிமுன் பயிற்சி. வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி படிக்கற டிப்ளமோ, டிகிரி. இங்க பேசப்போறது அதைப் பத்தி இல்ல.

2. பணியிடைப் பயிற்சி. வேலையில இருக்கும்போது ரெண்டு நாள், அஞ்சு நாள்னு கூப்பிட்டு நடத்துறது. ஒரு ஹால், ஒரு கருத்தாளர், வரிசையா ஸ்லைடு, கடைசியில ஃபீட்பேக் ஃபார்ம், கையெழுத்து, சர்டிஃபிகேட். இப்போ இதுவே ஆன்லைன்ல வீடியோவும் க்விஸ்ஸுமா வருது.

3. தொடர் தொழில் வளர்ச்சி, சுருக்கமா சிபிடி. சர்வீஸ் முழுக்க ஒருத்தர் தன் வேலையில தேறிக்கிட்டே போறது. அடுத்த கிளாஸ் டீச்சர் நடத்துறதைப் போய்ப் பாக்கறது, நாலு பேர் சேந்து ஒரு பாடத்தைத் திட்டமிடறது, பசங்க நோட்டை நடுவுல போட்டு "இவன் ஏன் இப்படி எழுதியிருக்கான்"னு யோசிக்கறது எல்லாம் இதுல சேரும், ஹால் டிரெய்னிங் இதுல ஒரு சின்ன துண்டு.

மூணாவதோட பேரைச் சொல்லி அறிவிச்சுட்டு ரெண்டாவதை நடத்துறாங்க, பாதி குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

அங்கீகாரத்துலயும் மூணு வகை. பாராட்டு, அதாவது விருது, கைத்தட்டல், பேப்பர்ல போட்டோ. பணம், அதாவது இன்க்ரிமென்ட், போனஸ். அப்புறம் தொழில் அந்தஸ்து, அதாவது "இந்த விஷயத்துல இவங்க சொன்னா கேக்கணும்"னு சக ஆசிரியர்களும் சிஸ்டமும் ஏத்துக்கறது. இந்த மூணாவது வகையைப் பத்திதான் ரொம்பக் கம்மியா பேசறோம்.

1966 அக்டோபர் 5ஆம் தேதி யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து ஆசிரியர்களோட நிலை பத்தி ஒரு பரிந்துரை கொண்டு வந்தாங்க. 1994ல இருந்து உலக ஆசிரியர் தினம் அந்தத் தேதியில வர்றது அதனாலதான். கற்பித்தல் ஒரு புரொஃபஷன், அதுக்குத் தனி நிபுணத்துவம் வேணும், அந்த நிபுணத்துவத்தை விடாம படிச்சுக் காப்பாத்தணும்னு அதுல இருக்கு. கவனிச்சா படிப்பும் மரியாதையும் அங்க ஒரே வரியிலதான் வருது, பின்னாடி வந்தவங்கதான் ரெண்டையும் தனித்தனி ஃபைலாக்கிட்டாங்க. ஓஇசிடிங்கற பல நாடுகள் சேந்த பொருளாதார அமைப்பு 2018ல ஆசிரியர்கள்கிட்ட நடத்துன டாலிஸ் சர்வேல, சமூகம் எங்க வேலையை மதிக்குதுன்னு சொன்ன ஆசிரியர்கள் உறுப்பு நாடுகள் சராசரியில 26 சதவீதம், நாலுல ஒருத்தர்.

## ஒரு கழித்தல் கணக்கு

டிரெய்னிங் எதைக் கத்துக் குடுக்கணும்னு தெரியாம அது நல்லா இருக்கா இல்லையான்னு பேச முடியாது, அதனால ஒரு குழந்தையோட நோட்டைப் பாத்துட்டு வரலாம்.

52லருந்து 38 கழிக்கணும். குழந்தை 26னு எழுதியிருக்கு. சரியான விடை 14. டீச்சர் தப்பு போட்டுட்டுப் போயிரலாம். அடுத்த கணக்கு 70 கழித்தல் 24, குழந்தை எழுதினது 54. அதுவும் தப்பு. மூணாவது 68 கழித்தல் 25, விடை 43, சரி. மூணுக்கு ஒண்ணு சரி, அப்போ "கவனக்குறைவு"ன்னு முடிவு பண்ணிருவோம்.

ஆனா அது கவனக்குறைவே இல்ல, குழந்தை மூணு கணக்கையும் ஒரே விதியை வச்சு ரொம்ப ஒழுங்கா போட்டிருக்கு. எந்த ஸ்தானமா இருந்தாலும் பெரிய இலக்கத்துல இருந்து சின்ன இலக்கத்தைக் கழி, மேல இருக்கா கீழ இருக்கான்னு பாக்காத, அதான் விதி. 8லருந்து 2 போனா 6, 5லருந்து 3 போனா 2, ஆக 26. கடன் வாங்கற வேலை இல்லாத கணக்குல இந்தத் தப்பு விதியும் சரியான விடையைத் தந்துரும், 68 கழித்தல் 25 சரியா வந்தது அப்படித்தான். இந்த விதி எங்கருந்து வந்துச்சுன்னு தோண்டினா, ஒண்ணாம் கிளாஸ்ல யாரோ நல்ல எண்ணத்துல "எப்பவும் பெருசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்"னு சொல்லிக் குடுத்திருப்பாங்க.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு பேர் 1978ல பசங்களோட கழித்தல் தப்புகளை இந்த மாதிரி ஆராய்ஞ்சாங்க. ப்ரோக்ராம்ல பிழை இருக்கற மாதிரி குழந்தை வச்சிருக்கற விதியிலயும் பிழை இருக்கு, அதனால "பக்"னே பேர் வச்சாங்க. அடுத்து 1986ல லீ ஷுல்மன்ங்கற கல்வி ஆய்வாளர் இந்த வகை அறிவுக்கு ஒரு பேர் குடுத்தாரு. கணக்கு தெரிஞ்ச எஞ்சினியருக்கு இது தெரியாது, கிளாஸை அமைதியா வச்சிருக்கத் தெரிஞ்சவருக்கும் தெரியாது. இந்தப் பாடத்துல இந்த வயசுக் குழந்தை எங்க தடுக்கும், ஏன் தடுக்கும், எந்தக் கணக்கைக் குடுத்தா அந்தத் தடுமாற்றம் வெளிய வரும்ங்கறது தனி அறிவு. தமிழ்ல சொல்லணும்னா பாடம் சார்ந்த கற்பித்தல் அறிவு. டாக்டருக்கு நோய் கண்டுபிடிக்கறது எப்படியோ ஆசிரியருக்கு இது அப்படி.

இனி எந்த டிரெய்னிங்கைப் பத்திக் கேட்டாலும் இதை மனசுல வச்சுக்கோங்க: அந்த 26ஐ பாத்த உடனே "ஓ, இதான் விஷயம்"னு பிடிக்க இது உதவுமா?

## ஹால்ல கேட்டது ஏன் கிளாஸ் வரைக்கும் வர மாட்டேங்குது

1. பொதுப்படையா இருக்கு. "செயல்வழிக் கற்றல்", "மாணவர் மையக் கல்வி"ன்னு தலைப்பு வச்சா ஆறாம் கிளாஸ் அறிவியல் டீச்சரும் ஒண்ணாம் கிளாஸ் டீச்சரும் ஒரே ஹால்ல உக்காரலாம், நடத்துறவங்களுக்கு வசதி. ஆனா கழித்தல் பக் எல்லாம் அந்தத் தலைப்புக்குள்ள வராது, வரவும் முடியாது.

2. தெரியறது வேற, கைக்கு வர்றது வேற. இதுக்கு நல்ல உதாரணம் "காத்திருக்கும் நேரம்". கேள்வி கேட்டுட்டு ஆசிரியர் எவ்ளோ நேரம் பதிலுக்காகக் காத்திருக்காங்கன்னு 1970கள்ல மேரி பட் ரோங்கறவங்க டேப்ல ரெக்கார்ட் பண்ணி அளந்தாங்க. சராசரி சுமாரா ஒரு செகண்ட். அதுக்குள்ள பதில் வரலன்னா அடுத்த பையன், இல்லன்னா டீச்சரே விடையைச் சொல்லிருவாங்க. அதை மூணு செகண்டாக்கினா பசங்களோட பதில் நீளமாகுது, "தெரியாது" கொறையுது, வழக்கமா வாயே திறக்காத பசங்க பேசறாங்க. இதை ஹால்ல சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, அஞ்சு நிமிஷத்துல புரியற விஷயம். மறுநாள் கிளாஸ்ல நின்னு ஒரு கேள்வியைக் கேட்டுட்டு நாப்பது முகத்துக்கு முன்னாடி மூணு செகண்ட் சும்மா நின்னு பாருங்க, அது மூணு நிமிஷம் மாதிரி இருக்கும், வாய் தானா திறந்துரும். பழக்கம் அவ்ளோ பலமானது, பக்கத்துல ஒருத்தர் இருந்து "இப்போ நீங்க ஒரு செகண்ட்தான் நின்னீங்க"ன்னு சொன்னாத்தான் அது நமக்கே தெரிய வரும்.

3. மனசு மாறினா பழக்கம் மாறும்னு நினைக்கறாங்க. டிரெய்னிங்ல பாதி நேரம் ஊக்க உரைக்குப் போறது இதனாலதான். தாமஸ் கஸ்கிங்கற கல்வி ஆய்வாளர் 1986ல இதைத் தலைகீழாப் போட்டாரு. ஆசிரியர் முதல்ல ஒரு சின்ன விஷயத்தைச் செஞ்சு பாக்கறாங்க, அதனால பசங்க தேறறது கண்ணுக்குத் தெரியுது, அதுக்கப்புறம்தான் நம்பிக்கை மாறுது. அப்போ பயிற்சி முடிஞ்ச அடுத்த ரெண்டு மூணு வாரம்தான் உயிர்நாடி. அந்த வாரங்கள்லதான் யாரும் வந்து எட்டிப் பாக்கறதில்ல.

4. அடுக்கடுக்கா இறங்குது. மேல பத்து பேருக்கு, அவங்க நூறு பேருக்கு, அவங்க ஆயிரம் பேருக்குன்னு போற கேஸ்கேட் முறை. செலவு கம்மி, வேகம் அதிகம், ஆனா ஒவ்வொரு படியிலயும் விஷயம் கொஞ்சம் நீர்த்துப்போகும். கடைசிப் படியில நிக்கறவருக்கு ஸ்லைடு கெடைக்கும், அந்த ஸ்லைடு ஏன் அப்படி இருக்குங்கற காரணம் கெடைக்காது.

5. அளக்கற இடம் தப்பு. டொனால்ட் கிர்க்பாட்ரிக்ங்கற பயிற்சித் துறை நிபுணர் 1959லயே பயிற்சியை நாலு மட்டத்துல அளக்கணும்னு எழுதிட்டாரு: வந்தவங்களுக்குப் பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலையில செய்யறாங்களா, பலன் வந்துச்சா. ஃபீட்பேக் ஃபார்ம் முதல் மட்டம், க்விஸ் ரெண்டாவது மட்டம். மணிக்கணக்கும் அட்டெண்டன்ஸும் இந்த நாலுல எதுலயும் வராது, ஆனா ரிப்போர்ட்ல முதல்ல வர்ற நம்பர் அதுதான்.

## அப்போ எதுதான் வேலை செய்யுது

தென்னாப்பிரிக்காவுல நார்த் வெஸ்ட் மாகாணத்துல நடந்த ஒரு சோதனை இந்தக் கேள்விக்கு ரொம்ப நேரடியா பதில் சொல்லுது. சின்னப் பசங்களுக்குத் தாய்மொழியில வாசிக்கக் கத்துக் குடுக்கற திட்டம். குலுக்கல் முறையில ஸ்கூல்களைப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கம்போல மையத்துக்குக் கூப்பிட்டு டிரெய்னிங், இன்னொரு குழுவுக்கு ஒரு கோச் கிளாஸ்ரூமுக்கே வந்து பக்கத்துல இருந்து பாத்துச் சொல்லிக் குடுக்கறது. ரெண்டு குழுவுக்கும் அதே பாடத்திட்டக் குறிப்பு, அதே வாசிப்புப் புத்தகம், ஆக வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா டிரெய்னிங் குழுவுல பசங்களோட வாசிப்பு 0.12 திட்ட விலக்கம் கூடியிருந்துச்சு, கோச்சிங் குழுவுல 0.24.

திட்ட விலக்கம்னா பயப்பட வேணாம். நூறு பசங்களை வாசிக்கற திறமைப்படி வரிசையா நிக்க வச்சு, சரியா நடுவுல நிக்கற குழந்தையை எடுத்துக்கோங்க. மத்தவங்க யாரும் நகரலன்னா, 0.12 அந்தக் குழந்தையைச் சுமார் 5 பேரைத் தாண்ட வைக்கும், 0.24 சுமார் 9 பேரைத் தாண்ட வைக்கும்.

அதைவிட முக்கியமானது கிளாஸுக்குள்ள என்ன மாறுச்சுங்கறது. பசங்களைச் சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சு, ஒவ்வொரு குழந்தையும் டீச்சர் முன்னாடி வாசிக்க வைக்கறது ஒரு முறை. கஷ்டமானது, ஏன்னா ஒரு குழுவோட உக்காந்தா மீதி கிளாஸ் என்ன பண்ணும்ங்கற கவலை எப்பவும் இருக்கும். இதைச் செய்ய ஆரம்பிச்சது பெரும்பாலும் கோச் வந்த கிளாஸ்கள்தான். சுலபமான மாற்றத்தை ஹால்ல இருந்தே எடுத்துட்டு வந்துரலாம், கஷ்டமானதுக்குப் பக்கத்துல ஆள் வேணும்.

இது ஒரு நாட்டுக் கதை மட்டும் இல்ல. மேத்யூ கிராஃப்ட்டும் ரெண்டு சக ஆய்வாளர்களும் 2018ல கோச்சிங் பத்தின 60 ஆய்வுகளைத் திரட்டிப் பாத்தாங்க, பெரும்பாலும் அமெரிக்காவுல நடந்தவை. கற்பிக்கற தரத்துல 0.49, மாணவர் தேர்ச்சியில 0.18 திட்ட விலக்கம் முன்னேற்றம்னு வந்துச்சு. ஆனா அதே கட்டுரையில ஒரு எச்சரிக்கையும் இருக்கு, திட்டம் பெருசாக ஆக பலன் சுருங்குது. இருபது நல்ல கோச் கெடைப்பாங்க, ரெண்டாயிரம் பேர் கெடைக்கறது கஷ்டம், அதுவும் நல்லா நடத்துற டீச்சரைக் கிளாஸ்ல இருந்து எடுத்துத்தான் கோச் ஆக்கணும். வீடியோ கால், சாட் வழியா கோச்சிங் பண்ணா செலவு மிச்சம்னு தென்னாப்பிரிக்காவுலயே இன்னொரு மாகாணத்துல முயற்சி பண்ணாங்க. முதல் வருஷம் அது நேர்ல வர்ற கோச்சுக்கு ஈடு குடுத்துச்சு, மூணு வருஷம் போனப்போ நேர்ல வந்ததுதான் முன்னாடி நின்னுச்சு.

இன்னொரு சிக்கல், கோச்சும் இன்ஸ்பெக்டரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. பாத்துட்டுப் போய் மார்க் போடற ஆள் பின்னாடி பெஞ்ச்ல உக்காந்தா எந்த டீச்சரும் தனக்கு வராத பாடத்தை நடத்திக் காட்ட மாட்டாங்க, நல்லா ஒத்திகை பாத்ததைத்தான் காட்டுவாங்க. தப்பைக் காட்டாத இடத்துல திருத்தவும் வழி இல்ல. நிறைய திட்டங்கள் இங்கதான் சறுக்குது, கோச்னு பேர் வச்சு ஆளைப் போட்டுட்டு, ஆறு மாசத்துல அவர் கையில செக்லிஸ்ட்டையும் டேட்டா என்ட்ரி ஆப்பையும் குடுத்துருவாங்க, அதுக்கப்புறம் அவர் வந்தாலே ஸ்டாஃப் ரூம் அமைதியாயிரும்.

## ஜப்பான்ல ஒரு பாடத்தை எப்படி ஆராயறாங்க

கோச்சே இல்லாம சக ஆசிரியர்களை வச்சே இதைச் செய்யற முறை ஒண்ணு நூறு வருஷத்துக்கு மேலயே இருக்கு. ஜப்பான்ல அதுக்கு ஜுகியோ கென்க்யூன்னு பேர், பாட ஆய்வுன்னு சொல்லலாம். 1999ல ஜேம்ஸ் ஸ்டிக்லர், ஜேம்ஸ் ஹீபர்ட்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பத்தி எழுதினதுக்கு அப்புறம்தான் வெளிநாட்டுக்காரங்க பெரிசா கவனிச்சாங்க.

நம்ம கழித்தலையே எடுத்துக்குவோம். அந்தப் பாடத்தை நடத்தப்போறவரும் மூணு நாலு சக ஆசிரியர்களும் சேந்து ஒரே ஒரு பீரியடுக்கு வாரக்கணக்குல திட்டம் போடுவாங்க. போர்டுல முதல்ல எழுதற கணக்கு 68 கழித்தல் 25ஆ, 52 கழித்தல் 38ஆ? முன்னதுல ஆரம்பிச்சா எல்லாருக்கும் தைரியம் வரும் ஆனா தப்பு விதி ஒளிஞ்சுக்கும், பின்னதுல ஆரம்பிச்சா விதி உடனே வெளிய வரும் ஆனா சில பசங்க மிரண்டுருவாங்க. இது ஒண்ணுக்கே ஒரு சாயங்காலம் போயிரும். 26னு ஒரு குழந்தை எழுதும், 14னு ஒண்ணு எழுதும், விரல் விட்டு எண்ணிப் பாதியில விடறது ஒண்ணு இருக்கும்னு முன்கூட்டியே பட்டியல் போட்டு, எந்தக் குழந்தையோட வழியை எந்த வரிசையில போர்டுக்குக் கொண்டு வர்றதுன்னு முடிவு பண்ணுவாங்க. போர்டை பீரியட் முழுக்க முடிஞ்சவரை அழிக்காம, யோசனை போன பாதை கடைசியில மொத்தமா கண்ணுல படற மாதிரி எழுதறதுக்கே தனித் திட்டம், அதுக்குத் தனிப் பேர், பன்ஷோ.

அன்னிக்கு ஒருத்தர் நடத்துவாரு, மத்தவங்க சுவரோரம் நிப்பாங்க. அவங்க பார்வை பசங்களோட நோட்டு மேல இருக்கும், டீச்சர் மேல இல்ல. யார் எங்க உக்காந்திருக்காங்கன்னு காட்டற இடப்பட்டியல் ஒண்ணு கையில, எந்தக் குழந்தை எப்போ பென்சிலை எடுத்துச்சு, எப்போ அழிச்சுச்சு, பக்கத்துல பாத்து மாத்துச்சான்னு குறிப்பு. தப்பா போடற குழந்தைக்குக் கூட உதவி பண்ணக் கூடாது, ஒரு ஆசிரியருக்கு இதைவிடக் கஷ்டமான கட்டுப்பாடு இருக்க முடியாது. அப்புறம் உக்காந்து பேசுவாங்க, பேச்சு "நீங்க நல்லா நடத்துனீங்க, சரியா நடத்தல"ன்னு போகாது, "நாம போட்ட திட்டத்துல மூணாவது பெஞ்ச் குழந்தை ஏன் இங்க நின்னுருச்சு"ன்னு போகும். திட்டம் எல்லாருடையதுங்கறதால தோல்வியும் ஒருத்தர் தலையில விழாது.

மேல சொன்ன அஞ்சு ஓட்டையில நாலை இது அடைச்சிருது: பாடத்தோட ஒட்டியிருக்கு, கையால செஞ்சு பாக்கறது, பசங்ககிட்ட பலன் தெரியறது கண் முன்னாடி நடக்குது, கேஸ்கேடே கெடையாது. பேப்பர்ல இதை அப்படியே காப்பி அடிச்சு "மாதம் ஒரு பாட ஆய்வு, போட்டோவோட அப்லோட் செய்யவும்"னு சர்க்குலர் விட்டா அஞ்சாவது ஓட்டை மறுபடி திறந்துக்கும், அதையும் சொல்லிரணும்.

## அங்கீகாரம்: விருது, பணம், படி

விருதைப் பத்தி ஒரு வார்த்தை. வார்க்கி ஃபவுண்டேஷன் குடுக்கற குளோபல் டீச்சர் பிரைஸ் 2015ல இருந்து வருது, பரிசு 10 லட்சம் டாலர். 2020ல ஜெயிச்ச மகாராஷ்டிராவோட ரஞ்சித்சிங் திசாலே பாதித் தொகையை இறுதிச் சுற்றுல இருந்த மத்த ஒன்பது பேருக்கும் பிரிச்சுக் குடுத்தாரு. இந்த மாதிரி விருது வெளியுலகத்துக்கு ஒரு சேதி சொல்லும், அது தேவைதான். ஆனா லட்சத்துல ஒருத்தருக்குக் கெடைக்கறது மீதிப் பேரோட திங்கக்கிழமை காலை முதல் பீரியடை மாத்தாது. அதோட, விண்ணப்பம் எழுதி, ஆல்பம் சேத்து, சான்று வாங்கித் தர வேண்டிய விருதா இருந்தா விண்ணப்பம் எழுதற திறமைக்குத்தான் பாதி மார்க் போகும்.

பணம்? இதுல மூணு சோதனையைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும், தனியா ஒண்ணை மட்டும் காட்டி யாராவது வாதாடினா நம்பாதீங்க.

1. அமெரிக்காவோட நாஷ்வில் நகரத்துல 2006லருந்து 2009 வரைக்கும் நடுநிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்களுக்கு, பசங்க மார்க் கூடினா வருஷத்துக்கு 15,000 டாலர் வரைக்கும் போனஸ். மூணு வருஷ முடிவுல மொத்தமாப் பாத்தா வித்தியாசம் இல்ல.

2. ஆந்திரப் பிரதேசத்துல கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அரசுத் தொடக்கப் பள்ளிகள்ல நடத்துன சோதனை, 2011ல வெளியாச்சு. போனஸ் சராசரியா வருஷச் சம்பளத்துல 3 சதவீதம்தான். ரெண்டு வருஷத்துல கணக்குல 0.27, மொழியில 0.17 திட்ட விலக்கம் கூடுச்சு. டீச்சர் லீவு போடறது கொறையல, ஆனா வந்த நாள்ல எக்ஸ்ட்ரா கிளாஸ், வீட்டுப்பாடம், பயிற்சித் தேர்வு எல்லாம் அதிகமாச்சு.

3. கென்யாவுல பசங்க பரீட்சை மார்க்கை வச்சுப் பரிசு குடுத்துப் பாத்தாங்க. மார்க் ஏறுச்சு, ஏன்னா பரீட்சைக்குத் தயார் பண்ற கூடுதல் வகுப்பு ஏறுச்சு, வழக்கமான கற்பித்தல்ல பெரிசா மாற்றம் இல்ல, திட்டம் நின்னதும் அந்த ஏத்தமும் தங்கல.

முரண்பாடு மாதிரி இருக்கும், ஆனா ஒரு விளக்கம் மூணுக்கும் பொருந்துது. பணம் ஒருத்தரை அதிகமா உழைக்க வைக்கலாம், தெரியாததைத் தெரிய வைக்காது. உழைப்பு அதிகமாக இடம் இருக்கற ஊர்ல போனஸுக்குப் பலன் தெரியும். ஏற்கனவே முழுசா உழைச்சுக்கிட்டு இருக்கற, ஆனா அந்த 26 ஏன் வருதுன்னு தெரியாத டீச்சருக்கு எவ்ளோ டாலர் காட்டினாலும் அது தெரியப்போறதில்ல. இது என்னோட வாசிப்பு, ஆனா இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அங்கீகாரத்துல மூணாவது வகை தொழில் அந்தஸ்து, அது கெடைக்கற வழிதான் படி, அதாவது பதவி ஏணி. பல இடங்கள்ல ஆசிரியருக்கு மேல போற வழி ஒண்ணுதான், ஹெச்எம், அப்புறம் ஆபீஸ். இருபது வருஷம் கழித்தல் நடத்திக் கைதேர்ந்தவரைப் பாராட்டுறதா நினைச்சு கழித்தல்ல இருந்தே எடுத்துட்டுப் போய் பில்லுலயும் ரிஜிஸ்டர்லயும் உக்கார வச்சுருவோம். அது பரிசு இல்ல, நஷ்டக் கணக்கு.

சிங்கப்பூர் இதை மூணு பாதையாப் பிரிச்சுருச்சு: கற்பித்தல், தலைமை, பாட நிபுணர். கற்பித்தல் பாதையில போறவர் சீனியர் டீச்சர், மாஸ்டர் டீச்சர்னு ஏறி பிரின்சிபல் மாஸ்டர் டீச்சர் வரைக்கும் போகலாம், ஆபீஸ் ரூம் பக்கம் போக வேண்டியதில்ல, மேல ஏறஏற இளையவங்களுக்குக் கத்துக் குடுக்கறது அவர் வேலையிலயே ஒரு பகுதி. வருஷத்துக்கு 100 மணி நேரம் தொழில் வளர்ச்சிக்கு ஆசிரியருக்கு உரிமை இருக்குன்னு அடிக்கடி மேற்கோள் காட்டறது இதே நாட்டைத்தான், ஆனா அந்த 100ஐ மட்டும் எடுத்துக்கிட்டு ஏணியை விட்டுட்டா மிஞ்சறது அட்டெண்டன்ஸ்தான். சீனாவுல ஒவ்வொரு ஸ்கூல்லயும் பாடவாரியா ஆய்வுக் குழு இருக்கும், மத்தவங்க வந்து பாக்கற திறந்த வகுப்பு நடத்துறது வாழ்க்கையில வழக்கமான விஷயம், பதவிப் படிகள் ஏறறதுக்கும் அது உதவும்.

அமெரிக்காவுல 1987ல ஆரம்பிச்ச நேஷனல் போர்டு இன்னொரு வழி. விருப்பப்பட்டவங்க மட்டும் போற சான்றிதழ், மொத்தம் நாலு பகுதி. பாட அறிவுத் தேர்வு ஒண்ணு. மீதி மூணும் ஆசிரியரோட சொந்த கிளாஸ்ல இருந்து வரணும்: பசங்க எழுதினதை வச்சு அவங்களுக்கு என்ன செஞ்சீங்க, ஏன் செஞ்சீங்கன்னு விளக்கம், கிளாஸ் நடத்துற வீடியோ, பசங்களைப் பத்தின தகவலை வச்சு வேலையை எப்படி மாத்திக்கிட்டீங்கன்னு ஒரு பதிவு. அனுபவமுள்ள மத்த ஆசிரியர்கள் அதைப் படிச்சு மதிப்பிடுவாங்க. இதுல பயிற்சி எங்க முடியுது, அங்கீகாரம் எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட முடியாது. தயார் பண்றப்போவே கத்துக்கறாங்க, கத்துக்கிட்டதுக்கே அந்தஸ்து கெடைக்குது. ஹால் டிரெய்னிங்கும் மேடை விருதும் ரெண்டும் எதுல கோட்டை விடுதோ அது இதுல இருக்கு, யாரோ ஒருத்தர் உண்மையிலயே பாடத்தைப் பாக்கறாங்க.

## கடைசியா டைம்டேபிள்

இவ்ளோ தெரிஞ்சும் ஏன் ஹால் டிரெய்னிங்கே திரும்பத் திரும்ப நடக்குதுன்னா, பணத்தைவிட முதல்ல முட்டறது நேரம். அதே 2018 டாலிஸ் சர்வேல தொழில் வளர்ச்சிக்கு எது தடைன்னு கேட்டதுக்கு, வேலை நேரத்தோட மோதுதுன்னு சொன்னவங்க 54 சதவீதம். ஒரு டீச்சர் இன்னொருத்தர் கிளாஸைப் பாக்கப் போனா அவங்க கிளாஸை யார் பாத்துக்கறது? 2030க்குள்ள உலகத்துக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவைன்னு யுனெஸ்கோ கணக்கு சொல்லுது, ஆளே பத்தாத ஸ்கூல்ல "சக ஆசிரியர் கற்றல்"னு சொன்னா அது வெறும் வார்த்தை. ஹால்ல கூப்பிட்டு நடத்துறது டைம்டேபிளைத் தொடாம முடிஞ்சுரும், லீவு நாள்லயும் நடத்தலாம், செல்ஃபோன்லயும் நடத்தலாம்.

அதனால புதுசா ஒரு திட்டம் அறிவிச்சா மணிக்கணக்கைப் பாக்காதீங்க, டைம்டேபிள்ல எந்தப் பீரியட் காலியாச்சுன்னு பாருங்க. ஜப்பான் ஸ்கூல்கள்ல பாட ஆய்வு நடக்கற அன்னிக்குப் பல இடத்துல மத்த வகுப்புப் பசங்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஒரே ஒரு கிளாஸ் மட்டும் இருக்கும், சுவரோரம் ஸ்கூல்ல உள்ள எல்லா ஆசிரியரும் இடப்பட்டியலோட நிப்பாங்க, ஹெச்எம் உட்பட.